உள்ளகக் காற்றுத் தரம்

உள்ளகக் காற்றுத் தரம் என்பது வீடு, பள்ளி, அலுவலகம், மருத்துவமனை போன்ற கட்டடங்களின் உள்ளே உள்ள காற்று, அங்கு இருப்போரின் உடல்நலத்துக்கும் வசதிக்கும் எந்த அளவுக்கு ஏற்றதாக உள்ளது என்பதைக் குறிக்கும். காற்றில் கலந்துள்ள நுண்துகள்கள், வளிமங்கள், நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் அளவும், ஈரப்பதமும் வெப்பநிலையும் இதனைத் தீர்மானிக்கின்றன.

உள்ளகக் காற்றின் தரத்தைப் பேணுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. மாசு தோன்றும் மூலத்தை நீக்குதல் முதலாவது. வெளிக்காற்றை உட்செலுத்தி, மாசடைந்த காற்றை வெளியேற்றுதல் இரண்டாவது. வடிகட்டிகளைக் கொண்டு துகள்களை அகற்றுதல் மூன்றாவது. உணரிகளுடன் இணைந்து இயங்கும் தன்னியக்கக் காற்றோட்ட முறைமைகள் பின்னைய இரண்டு வழிகளையும் செயற்படுத்துகின்றன. காற்றைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் காற்றைப் புதுப்பிப்பதிலிருந்து வேறுபட்ட செயல்கள் என்பது இத்துறையின் அடிப்படைக் கருத்து ஆகும்.

மாசுக்களும் அவற்றின் மூலங்களும்

உள்ளகக் காற்று மாசுக்களுள் முதன்மையானவை பின்வருவன:

நுண்துகள்கள்: விறகு, வரட்டி, கரி ஆகியவற்றின் புகை, புகையிலைப் புகை, கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, எண்ணெயில் பொரித்தல் முதலியவற்றால் உண்டாகின்றன. விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை.

கார்பன் மோனாக்சைடு: எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் நச்சு வளிமம். நிறமும் மணமும் அற்றதாகையால் இதனை உணரி இன்றி அறிய இயலாது.

கார்பன் டை ஆக்சைடு (கரியமில வளி): மனிதர் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு உள்ளது. அறைகளில் வழக்கமாகக் காணப்படும் அளவில் இது நஞ்சு அன்று. எனினும் அறையில் உள்ளோரின் மூச்சுக்காற்று எந்த அளவுக்கு வெளியேறாமல் தேங்கியுள்ளது என்பதை இது காட்டுகிறது.

ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்: வண்ணப்பூச்சு, ஒட்டுப்பலகை, பசை, துப்புரவுப் பொருட்கள் ஆகியவற்றிலிருந்து வெளிப்படுகின்றன.

நுண்ணுயிர்கள்: காசநோய், தட்டம்மை, கோவிட்-19 போன்ற நோய்களின் கிருமிகள் காற்றின் வழியே பரவுகின்றன. ஈரம் தங்கிய சுவர்களில் பூஞ்சை வளர்கிறது.

வரலாறு

செருமனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த மாக்ஸ் வான் பெட்டன்கோபர் 1858 ஆம் ஆண்டில், அறைக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து இலட்சத்தில் 1,000 பகுதிகளுக்கு மிகாதிருக்க வேண்டும் என்று கூறினார். காற்றோட்டத்தை எண்ணால் அளவிடும் முறைக்கு இது அடித்தளம் ஆயிற்று. இன்றும் பல நாடுகளில் இவ்வெண் வழிகாட்டும் அளவாகக் கொள்ளப்படுகிறது.

அமெரிக்க வெப்பமூட்டல், குளிரூட்டல், காற்றுப்பதனப் பொறியாளர் சங்கம் (ஆஷ்ரே) தனது 62 ஆம் எண் காற்றோட்டச் செந்தரத்தை 1973 இல் வெளியிட்டது. அதே ஆண்டில் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, ஆற்றலைச் சேமிக்கும் நோக்கில் மேலை நாடுகளில் கட்டடங்கள் இறுக மூடப்பட்டன. உட்செலுத்தும் வெளிக்காற்றின் அளவும் குறைக்கப்பட்டது. இதன் பின்னர் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு முதலிய குறைகள் கட்டடத்துக்குள் இருக்கும்போது தோன்றி, வெளியேறியதும் நீங்குவதாகப் பலர் தெரிவித்தனர். இந்நிலை 1980களில் "நோயுற்ற கட்டட நோய்க்குறித்தொகுப்பு" என்று பெயர் பெற்றது.

1991 இல் செருமனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டப்பட்ட முதலாவது "பாசிவ்" இல்லம், கட்டடத்தை இறுக மூடிவிட்டு, வெப்பத்தை இழக்காமல் இயந்திரத்தால் காற்றைப் புதுப்பிக்க இயலும் என்பதைக் காட்டியது. 2020 இல் தொடங்கிய கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின்னர் காற்றோட்டம் நோய்த்தடுப்பு முறையாகவும் கருதப்பட்டது. ஆஷ்ரே 2023 இல் வெளியிட்ட 241 ஆம் எண் செந்தரம், தொற்றுக் காலத்தில் வகுப்பறைக்கு ஆள் ஒன்றுக்கு நொடிக்கு 20 லிட்டர், அலுவலகத்துக்கு 15 லிட்டர் என்ற அளவில் தூய காற்று வேண்டும் என்கிறது. வடிகட்டப்பட்ட காற்றும் இக்கணக்கில் சேரும்.

காற்றோட்டத்தை அளவிடல்

ஒரு மணி நேரத்தில் அறையின் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு வெளிக்காற்று உள்ளே வருகிறது என்பது காற்றுமாற்ற வீதம் எனப்படும். காற்று நன்கு கலக்கும் அறையில், மாசின் மூலம் நின்ற பிறகு, மணிக்கு 2 காற்றுமாற்றம் இருந்தால் 99 விழுக்காடு மாசு நீங்க 138 நிமிடங்கள் ஆகும். காற்றுமாற்றம் 6 ஆனால் 46 நிமிடங்களும், 12 ஆனால் 23 நிமிடங்களும் போதும்.

பத்து அடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி உயரமும் கொண்ட ஒரு படுக்கையறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் கொள்ளளவு ஏறத்தாழ 34 கனமீட்டர் ஆகும். உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். காற்று சிறிதும் கசியாத இவ்வறையில் இருவர் உறங்கினால் அதன் அளவு மணிக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 760 பகுதிகள் வீதம் உயரும். வெளிக்காற்றில் உள்ள ஏறத்தாழ 420 பகுதிகளிலிருந்து தொடங்கினால், ஒரு மணி நேரம் முடிவதற்கு முன்பே 1,000 என்னும் அளவைக் கடந்துவிடும். கதவிடுக்குகளின் வழியே காற்று கசிவதால் உண்மையான அறைகளில் இவ்வுயர்வு சற்று மெதுவாக நிகழும்.

இவ்வறையில் அளவு 1,000 பகுதிகளுக்கு மிகாதிருக்க மணிக்கு ஏறத்தாழ 45 கனமீட்டர் வெளிக்காற்று வேண்டும். குளியலறையில் பொருத்தப்படும் ஆறு அங்குல வெளியேற்றும் விசிறி இதனினும் மிகுதியான காற்றை வெளியேற்ற வல்லது. ஆனால் வெளியேறும் காற்றுக்கு ஈடாக வேறொரு வழியில் காற்று உள்ளே வர இடம் இருத்தல் வேண்டும்.

தன்னியக்கக் காற்றோட்ட முறைமைகள்

காற்றோட்டம் எப்போதும் முழு அளவில் நடைபெற்றால், குளிரூட்டிய அல்லது சூடாக்கிய காற்று வீணாகும். குறைந்த அளவில் நிலையாக வைத்தால் அறை நிறைந்திருக்கும்போது காற்று போதாது. இவ்விரண்டுக்கும் தீர்வாக அமைந்தது தேவைசார் காற்றோட்டம் ஆகும். இதன் உறுப்புகள் பின்வருமாறு:

உணரிகள்: கார்பன் டை ஆக்சைடு உணரி, அவ்வளிமம் 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் பண்பைப் பயன்படுத்துகிறது. துகள் உணரி, சீரொளிக் கதிர் துகள்களில் பட்டுச் சிதறுவதை அளக்கிறது. விலை குறைந்த சில கருவிகள் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளவிடாமல், பிற சேர்மங்களின் அளவிலிருந்து மதிப்பிட்டுக் காட்டுகின்றன. இவை காற்றோட்டக் கட்டுப்பாட்டுக்கு ஏற்றவை அல்ல.

கட்டுப்படுத்தி: உணரியின் அளவீட்டை வரையறுத்த அளவுடன் ஒப்பிட்டு, விசிறிக்கும் காற்று மடைகளுக்கும் ஆணையிடுகிறது.

காற்று மடைகள்: வெளிக்காற்றும் மீள்சுழலும் காற்றும் கலக்கும் விகிதத்தை மாற்றுகின்றன.

மாறுவேக விசிறி: விசிறியின் மின்திறன் தேவை அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் மின்திறன் எட்டில் ஒரு பங்காகக் குறையும். தேவைசார் காற்றோட்டத்தால் கிடைக்கும் சேமிப்புக்கு இது ஒரு முக்கிய காரணம் ஆகும்.

இந்தியாவின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு (2017), மக்கள் நெருக்கமாகக் கூடும் பெரிய இடங்களின் இயந்திரக் காற்றோட்டத்துக்குத் தேவைசார் கட்டுப்பாட்டை விதித்துள்ளது.

வெப்ப மீட்பும் ஈரப்பத மீட்பும்

வெளியேறும் காற்றையும் உள்வரும் காற்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் அருகருகே செலுத்தி, ஒன்றின் வெப்பத்தை மற்றொன்றுக்கு மாற்றும் கருவி வெப்ப மீட்புக் காற்றோட்டி எனப்படும். கனடா போன்ற குளிர்நாடுகளில் இது வீடுகளில் பயன்படுகிறது. ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் அங்குக் குடியேறியோருக்கு இது பழகிய கருவி ஆகும். பனிக்காலத்தில் வெளியேறும் காற்றின் வெப்பத்தைப் பெற்று, உள்வரும் குளிர்ந்த காற்று இதமடைகிறது.

தமிழ்நாட்டின் கடலோரத்தில் நிலைமை வேறானது. இங்கு உள்வரும் காற்றின் வெப்பத்தோடு ஈரமும் சிக்கலாகிறது. காற்றிலுள்ள நீராவியை நீராக்குவதற்குக் குளிரூட்டி மிகுதியான ஆற்றலைச் செலவிட வேண்டியுள்ளது. ஆகையால் வெப்பத்துடன் ஈரத்தையும் பரிமாறும் ஆற்றல் மீட்புக் காற்றோட்டிகளே இத்தட்பவெப்பத்துக்கு ஏற்றவை. கோடையில் இவை உள்வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேறும் குளிர்ந்த உலர்காற்றுக்கு மாற்றிவிடுகின்றன.

வடிகட்டல்

வெளிக்காற்று எப்போதும் தூய்மையானது அன்று. போகிப் பண்டிகை விடியற்காலையில் சென்னையில் பழம்பொருட்களை எரிக்கும் புகையும், கரும்பு விளையும் பகுதிகளில் அறுவடைக்குப் பின் சோகையை எரிக்கும் புகையும் இதற்கு எடுத்துக்காட்டுகள். கார்பன் டை ஆக்சைடை மட்டும் அளக்கும் முறைமை, அத்தகைய வேளையிலும் மடையைத் திறந்து புகையை உள்ளே இழுக்கும். எனவே வெளிப்புறத்தில் துகள் உணரியும், உள்வழியில் நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் இருத்தல் நன்று. மெர்வ் 13 தர வடிகட்டிகள் பெரிய கட்டடங்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. ஹெப்பா வடிகட்டிகள் 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கின்றன. துகள் வடிகட்டிகள் கார்பன் டை ஆக்சைடையோ கார்பன் மோனாக்சைடையோ நீக்குவதில்லை.

தமிழ்நாட்டில்

மூடிய குளிரறைகள்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மேல்சித்தாமூர் முதலிய சமவெளிப் பகுதிகளில் கட்டடத்தைச் சூடாக்கும் தேவை எழுவதில்லை. மேலை நாடுகளில் வெப்பமூட்டி வகிக்கும் இடத்தை இங்குக் குளிரூட்டி வகிக்கிறது. வீடுகளிலும் சிறு மருத்துவமனைகளிலும் கடைகளிலும் பரவலாக உள்ள பிரிப்புவகைக் குளிரூட்டி (ஸ்பிளிட் ஏ.சி.) அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறது. சுவருக்கு வெளியே உள்ள பகுதிக்குச் செல்லும் குழாய்களில் ஓடுவது குளிர்பொருளே அன்றிக் காற்று அன்று. ஆகையால் வழக்கமான இவ்வகைக் குளிரூட்டி எத்தனை மணி நேரம் ஓடினாலும் அறைக்குள் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

இந்திய வெப்பமூட்டல், குளிரூட்டல், காற்றுப்பதனப் பொறியாளர் சங்கம் (இஷ்ரே) 2020 ஏப்ரலில் வெளியிட்ட கோவிட்-19 வழிகாட்டுதலில், அறைக் குளிரூட்டி ஓடும்போது சாளரத்தைச் சிறிது திறந்துவைக்குமாறும், வெளியேற்றும் விசிறியைப் பயன்படுத்துமாறும், வெப்பநிலையை 24 முதல் 30 பாகை செல்சியசு வரையிலும் ஈரப்பதத்தை 40 முதல் 70 விழுக்காடு வரையிலும் வைக்குமாறும் பரிந்துரைத்தது.

உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மட்டும் அறையைச் சூடாக்கும் தேவை உண்டு. அங்கு மூடிய அறைக்குள் கரியடுப்பை மூட்டி உறங்குவது உயிருக்கு ஊறு விளைவிக்கும். கரி எரியும் அறையில் கார்பன் மோனாக்சைடு விரைவில் சேர்ந்து, உறங்குவோரை விழிக்கவிடாமல் கொன்றுவிடும்.

விறகு அடுப்பு

ஊர்ப்புறத் தமிழ்நாட்டில் உள்ளகக் காற்று மாசின் முதன்மையான மூலம் நெடுங்காலமாக விறகு அடுப்பாகவே இருந்துவந்துள்ளது. கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 ஊர்ப்புற வீடுகளை ஆராய்ந்து, 2002 இல் முடிவுகளை வெளியிட்டனர். விறகு போன்ற எரிபொருட்களைக் கொண்டு சமைக்கும் வேளையில் சுவாசிக்கத்தகு துகள்களின் அளவு கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. சமைப்போர் 24 மணி நேரத்தில் சராசரியாக 231 மைக்ரோகிராம் அளவுக்கு ஆளாகினர். அதே வகை வீடுகளில் சமையலில் ஈடுபடாதோருக்கு இவ்வளவு 90 வரை குறைந்து காணப்பட்டது. தூய எரிபொருள் வீடுகளில் அது ஏறத்தாழ 82 ஆக இருந்தது. அடுப்புப் புகையின் சுமை பெண்கள்மீதே மிகுதியாக விழுந்தது என்பதை இவ்வெண்கள் காட்டின.

2000களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்புகளை இலவசமாக வழங்கியது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கப்பட்டது. எனினும் உருளையை மீள நிரப்பும் செலவு காரணமாக, எரிவாயு இணைப்புப் பெற்ற வீடுகள் பலவற்றிலும் விறகு அடுப்பு தொடர்ந்து எரிகிறது.

அடுப்பை முழுமையாக மாற்றினால் விளையும் பயனை அறிய, "ஹேப்பின்" என்ற பன்னாட்டு ஆய்வு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களிடையே 2018 இல் தொடங்கியது. இந்தியாவில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்திலும் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் இது நடைபெற்றது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 இல் பிரிக்கப்பட்டது. பெண்களில் ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் 18 மாதங்களுக்கு இலவசமாக அளிக்கப்பட்டன. மறு பாதியினர் வழக்கமான அடுப்பையே பயன்படுத்தினர். 2022 இல் வெளியான முடிவுகளின்படி, எரிவாயு பெற்ற பெண்கள் ஆளான நுண்துகள் அளவின் இடைநிலை எண் கனமீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், மற்றவர்களுக்கு 70.7 மைக்ரோகிராம். எந்த இயந்திரக் காற்றோட்டமும் இன்றி, மூலத்தை மாற்றியதால் மட்டும் புகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

எனினும் இரு பிரிவினரின் குழந்தைகளுக்கும் இடையே பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைகளின் கடும் நுரையீரல் அழற்சியிலும் தெளிவான குறைவு இல்லை என்பது 2024 இல் வெளியாயிற்று. எரிவாயு கருவுற்ற ஒன்பதாவது வாரத்துக்குப் பின்னரே வழங்கப்பட்டது என்பதும், குறைந்த பின்னரும் துகள் அளவு உலக சுகாதார அமைப்பு 2021 இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பான 5 மைக்ரோகிராமைவிட மிகுதியாகவே இருந்தது என்பதும் இம்முடிவுகளோடு சேர்த்து நோக்கத்தக்கவை. வீட்டு அடுப்புப் புகையால் 2020 இல் உலகளவில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக அவ்வமைப்பு மதிப்பிட்டுள்ளது.

இயற்கைக் காற்றோட்டம்

முற்றமும் தாழ்வாரமும் எதிரெதிர் வாயில்களும் கொண்ட பழைய தமிழ் வீடுகள் மின்சாரம் இன்றியே காற்றைப் புதுப்பித்தன. திண்டிவனத்துக்குத் தெற்கே உள்ள புதுச்சேரியில், அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1940களில் நிறைவுற்ற கோல்கொண்டே விடுதி இம்முறையின் சிறந்த தற்கால எடுத்துக்காட்டு ஆகும். அதன் வடக்கு, தெற்கு முகங்கள் முழுவதும் கையால் திருப்பக்கூடிய கிடைத் தகடுகளால் ஆனவை. மழையும் வெயிலும் உள்ளே வராமல் காற்று மட்டும் வரும்படி அவற்றைத் திருப்பலாம்.

இயற்கைக் காற்றோட்டத்தின் ஆற்றலை மருத்துவ ஆய்வுகளும் காட்டியுள்ளன. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நடைபெற்று 2007 இல் வெளியான ஆய்வில், கதவு, சாளரங்களைத் திறந்த அறைகளில் காற்றுமாற்றத்தின் இடைநிலை மணிக்கு 28 ஆக இருந்தது. இயந்திரக் காற்றோட்ட அறைகளில் அது 12 ஆக இருந்தது. உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் கொண்ட, 1950க்கு முந்திய கட்டடங்களில் அவ்வெண் 40 வரை எட்டியது.

தன்னியக்க முறைமைகளின் வரம்புகள்

இயற்கைக் காற்றோட்டம் காற்று வீசுவதைப் பொறுத்தது. தன்னியக்க முறைமை மின்சாரத்தையும் பராமரிப்பையும் பொறுத்தது. திறக்கக்கூடிய சாளரம் இல்லாத கட்டடத்தில் மின்தடை ஏற்பட்டால் காற்றோட்டம் முற்றாக நின்றுவிடும். அடைபட்ட வடிகட்டி காற்றின் அளவைக் குறைக்கும். உணரிகள் காலப்போக்கில் பிழையான அளவைக் காட்டத் தொடங்குவதால் அவற்றை அவ்வப்போது வெளிக்காற்றில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். சாளரத்துக்கு அருகிலோ, ஒருவர் மூச்சு நேராகப் படும் இடத்திலோ வைக்கப்பட்ட உணரி அறையின் உண்மையான நிலையைக் காட்டாது. செலவைக் குறைக்க வெளிக்காற்று மடையை மூடிவைத்தால், முறைமை ஓடிக்கொண்டிருந்தும் பயன் தராது.

மூலம் நீங்காத இடத்தில் எந்த முறைமையும் முழுப் பயன் தருவதில்லை. ஆகையால் புகையும் அடுப்பை மாற்றுதல், திறக்கக்கூடிய சாளரங்களை அமைத்தல், மூட வேண்டிய அறைகளுக்கு அளந்து வெளிக்காற்றைச் செலுத்துதல், பின்னர் வடிகட்டுதல் என்ற வரிசை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

காற்று மாசடைதல்
காற்றுப்பதனம்
காசநோய்
நீர்ம எரிவாயு
கார்பன் மோனாக்சைடு நச்சுமை